இடுப்புவார்

தூசிஸில் ஏப்ரலிலும் பனி கொட்டும்.
கராஜ் கதவுக்குக் கீழால் நுழைந்து
எண்ணெய்க் கறையில் கரைந்துபோகும்.
வண்டியின் அடியில் நானும் ஊர்சினாவும்,
ஆளுக்கொரு பலகையில் மல்லாந்து.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றில் செய்தது.
நாலு சிலிண்டர், மரச் சக்கரம்,
முன்விளக்கு எரிய கார்பைடு கல்லும் தண்ணீரும்.

காஃப்லிஷ் வண்டியோடு ஒரு படமும் கொண்டுவந்திருந்தார்.
"எங்கள் பூட்டன் சட்டத்தை மீறாதவர்.
இந்த மாநிலத்தில் இருபத்தைந்து வருடம் மோட்டாருக்குத் தடை.
எஞ்சினை அணைத்துவிட்டு
எல்லைவரை குதிரை பூட்டித்தான் போனவர்."
படத்தில் இரண்டு குதிரைகள்.
பின்னால் வண்டி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
பிரசங்கம் கேட்கிற முகத்தோடு ஒரு மீசைக்காரர்.

எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினோம்.
இருபத்திரண்டு நட்டு, இரண்டு முறிந்தது.
முதலாம் தண்டின் மூடிக்குள் வெள்ளை உலோகம்,
தேய்ந்தும் வெள்ளைதான்.
இரண்டாவதும் அப்படி. நாலாவதும்.
மூன்றாவதில்
கறுத்து வளைந்து, கருவாடு மாதிரி ஒன்று.

நகத்தால் கீறினேன். தோல்.
ஊர்சினா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
நடுவில் ஒரு துளை. இரண்டு விரல் தள்ளி இன்னொன்று.
அதற்கும் அப்பால் மூன்றாவது,
ஆணியால் குத்தியது, வட்டமாய் இல்லை.
சாப்பாடு கூடியிருக்கிறது மனுசனுக்கு.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு அவள் சிரித்தாள்,
பலகைச் சில்லுகள் உருளும்படி.

குதிரை இழுக்கும் வண்டியில்
பேரிங் உருகி வழியாது.

இரவாகத்தான் இருக்கும். விளக்கை ஏற்றாமல்.
வியா மாலாப் பள்ளத்துக்கு மேலே அந்த ஒடுங்கிய பாதை.
முதலில் டக், டக். பிறகு சம்மட்டி.
யாரையும் கூப்பிட முடியாது,
வருகிறவன் அபராதச் சீட்டோடு வருவான்.
இடுப்பிலிருந்து வாரை உருவி,
பேனாக்கத்தியால் வெட்டி, எண்ணெயில் தோய்த்து,
நாங்கள் கிடக்கிற இதே கிடையில் கிடந்து
தண்டுக்குள் சுற்றி வைத்து முறுக்கியிருக்கிறார்.
நன்றாகவே முறுக்கியிருக்கிறார்.
பூட்டூசியின் இரண்டு காலும் ஒழுங்காக மடித்திருந்தன,
நான் அவசரத்தில் மடிப்பதைவிட.
பிறகு எழும்பி முன்னால் வந்திருப்பார்:
ஒரு கையில் கிராங்க்,
மறு கையில் காற்சட்டை.

மூன்று நாள் கழித்துப் புது உலோகம் ஊற்றினோம்.
அச்சுக்கு மெழுகுதிரிப் புகை பிடித்து,
குழம்பில் பைன் குச்சியைத் தோய்த்துப் பார்ப்பது:
பழுப்பானால் ஊற்று,
தீப்பிடித்தால் பொறு.
பிறகு நீல மை. தடவி, பூட்டி, சுற்றி, கழற்றி,
நீலம் ஒட்டிய மேட்டைச் சுரண்டி,
திரும்பவும் தடவி. நாற்பதுக்குப் பிறகு எண்ணவில்லை.
என் விரல்கள் ஒரு கிழமை நீலம்.
கடையில் காசு வாங்கிய பெண் நுனியால் வாங்கினாள்.

பில்லில் என்ன எழுதுவது என்றுதான் தகராறு.
"சொல்லாதே, படம் பாவம்" என்றாள் ஊர்சினா.
படத்தை எடுத்துப் பார்த்தேன்.
மீசைக்காரரின் இடுப்பு கதவுக்குப் பின்னால் மறைந்திருந்தது.
குதிரைகள் சட்டத்துக்காக வந்தவையா,
மூன்றாவது சிலிண்டருக்காகவா?
திகதி இல்லை.

எழுதினேன்: மூன்றாம் பேரிங், அந்நியப் பொருள் அகற்றியது.
கட்டணம் இல்லை.

"அந்நியப் பொருள்?" என்றார் காஃப்லிஷ்.
காகித உறையைக் கொடுத்தேன்.
துளைகளை ஒவ்வொன்றாய்த் தடவினார். முகர்ந்தார்.
வெகுநேரம் படத்தைக் கேட்கவில்லை.
"இது எவ்வளவு தூரம் தாங்கும்?"
"மெதுவாகப் போனால் பதினைந்து கிலோமீட்டர்."
"அண்டேர் பதின்மூன்று" என்றார்,
எங்களிடம் இல்லை.

வெளியே பனி விட்டிருந்தது.
"கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள், உதைத்தால் முறியும்"
என்று சொல்லிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தேன்.
குனிந்து கிராங்கைப் பிடித்தார், ஒரு கையால்.
மற்றக் கை
தானாகவே இடுப்புக்குப் போயிருந்தது.