சிரமத்திற்கு வருந்து

முதல் முறை
"மின்தூக்கி பழுதுபார்ப்பு காலை ஒன்பது முதல்"
வரை வந்திருந்தேன்.
இரண்டாம் முறை
"ஏற்படும் சிரமத்திற்கு வருந்து".
அத்தோடு திரை நீலம்.
கவிழ்த்துப் போட்ட வாய் ஒன்று
விழுக்காடு எண்ணிக்கொண்டே
என்னிடம் வருத்தம் தெரிவித்தது,
நகர மன்றத்தை விட நன்றாகவே.

பிறகு இருட்டு.
விசிறி அடங்கி, மறுபடி மூச்சு வாங்கி,
ஒன்றும் நடக்காதது போல்
கடவுச்சொல் கேட்டது.

புக்கிட் பாஞ்சாங், நான்காம் மாடி.
என் சன்னலை நெருங்கும்போது
தன் கண்ணாடியைத் தானே மங்கலாக்கிக்கொள்கிறது இலகு ரயில்.
அந்த இங்கிதம் இதற்கில்லை.
வாக்கியத்தின் நடுவில்தான் சாகும்.

வெக்கை என்றேன்.
பெட்டியைத் திறந்து
பழைய பல்துலக்கியால் தூசி எடுத்தேன்.
இடி என்றேன்.
வேறு பிளக்குக்கு மாற்றினேன்.
மேல்வீட்டில் தரையை உடைக்கிறார்கள்,
அந்த அதிர்வு என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை யாரும் உடைப்பதில்லை.
ஞாயிற்றுக்கிழமை ஐந்து முறை.

சிம் லிம் ஸ்குவேர் வீ கியாட்
பெட்டியைத் தொடாமலே
"ரேம் போச்சு லா" என்றான்.
இரண்டு துண்டையும் கழற்றி
ஒவ்வொன்றாக மாட்டி
இரவெல்லாம் சோதித்தேன்.
பிழை பூஜ்யம்.
எண்பது வெள்ளி மிச்சம், தூக்கம் செலவு.

நிகழ்வுப் பதிவேட்டில்
"முந்தைய பணிநிறுத்தம் எதிர்பாராதது"
என்றிருந்தது.
அது எனக்கும் தெரியும்.

மிச்சமிருந்தது டிரைவர்.
தொழில் புத்தி, தமிழில் என்னவென்று யோசித்தேன்.
ஓட்டுநர் என்றால்
நூற்றுத் தொண்ணூறாம் எண் பேருந்து வந்து நிற்கிறது.
இயக்கி என்றால்
தென்கோடியில் ஒருத்தி
பிள்ளையை இடுக்கிக்கொண்டு கண்ணை உருட்டுகிறாள்.
என் மேசைக்கு அவள்தான் பொருத்தம்.

மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னேன்.
காட்டியது.
சாம்பல் நிறத்தில் ஒரு வரிசை,
எப்போதோ செருகிப் பிடுங்கியவை:
தம்பி மகளின் கைப்பேசி,
குப்பைக்குப் போன இரண்டு அச்சுப்பொறி,
தயாளனின் ஒலிப்பெட்டி.

அந்தப் பெட்டி அவனோடு பெர்த் போய் மூன்று வருடம்.
அதன் இயக்கி மட்டும் இங்கேயே.
தொடங்கும்போதெல்லாம் முதல் ஆளாக எழுந்து
இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது.
எவ்வளவு வசதியான காரணம்!
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

சேஃப் மோடில்
எழுத்தெல்லாம் பூதாகரமாக ஊதிக் கிடக்க
வேரோடு அழித்தேன்.
இன்னும் எஞ்சியிருக்கிறதா என்று
கோப்புறைக்குள் போய் வேறு பார்த்தேன்.
கோப்பி ஓ போட்டுக் குடித்தேன், சர்க்கரை கூடுதலாக.

அதிகாலை நான்கு பத்துக்கு
நீலம்.

அப்புறம்தான்
விழுந்த நொடியின் எச்சக் கோப்பைப் பிரித்தேன்.
முதலிலேயே செய்திருக்க வேண்டியது.
எண்களும் எழுத்துகளுமாகக் கொட்டிய குப்பையில்
ஒரே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது.
வைஃபை அட்டையின் இயக்கி.
நிறுவிய நாள் ஆகஸ்ட் ஒன்பது.

நினைவிருக்கிறது.
அணிவகுப்பு நேரலை திக்கித் திக்கி வந்தது.
வாணவேடிக்கைக்குள் சரிசெய்துவிடும் அவசரத்தில்
எங்கிருந்தோ நானே இறக்கினேன்.
யார் செய்ததென்று தெரியவில்லை, தொடரவா என்று கேட்டது.
நான்தான்
ஆம் என்று அழுத்தினேன்.

பழைய பதிப்புக்குத் திரும்ப
இரண்டு நிமிடம் ஆனது.

இன்று பதினோராம் நாள்.
மின்தூக்கிகூடப் பழுது நீங்கி ஓடுகிறது.
நான்கு சொல்லுக்கு ஒருமுறை
சேமிக்கும் விரல்தான் இன்னும் நம்பவில்லை.

தயாளனின் இயக்கி மேல்
ஒரு குற்றமும் இல்லை.
தெரிந்த பிறகும்
திரும்ப நிறுவவில்லை.
அதற்கென்று அறிவிப்பு எதுவும்
ஒட்டவுமில்லை.