பதின்மூன்றாம் பக்கம்

டீசல் மானியப் பாஸ்புக்கைத் தேடித்தான்
இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.
தடைக்காலத்தின் நாற்பதாம் நாள்.
தங்கச்சிமடம் கரையில் படகு
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.
பாஸ்புக் இல்லை.
கிடைத்தது இது:
அட்டை போய், முதுகில் வலைநூல் போட்டுத் தைத்த
பாட்டுப் புத்தகம்.

உள்ளே ஊதா மையில் பள்ளிக்கூட முத்திரை.
ஒப்புவித்தல், மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பரிசு.
முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.
அது கிடைக்காத அழுகையோடுதான்
இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
அப்புறம் ஒரு வருஷம்
இதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிஸ்காவுக்கு ஏழு வயசு.
போனைப் பிடுங்கிவிட்டு இதைக் கொடுத்தால்
மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள்.
அதனால் கொடுக்கவில்லை.
ஐஸ் பெட்டிமேல் சும்மா போட்டுவிட்டு
வலை பொத்த உட்கார்ந்துவிட்டேன்.

ஊசியில் நூல் கோக்கும்போது கேட்டது
எழுத்துக்கூட்டும் குரல்:

"கொண்டைச் சேவல் குளிக்கப் போச்சு
கூவ மறந்து துண்டைத் தேடி"

தாள் புரளும் சத்தம்.

"குகைக்குள் நுழைந்து கூவிக் கொண்டே
மறுபுறம் வந்தது, மலையைக் காணோம்!"

ஒரே சிரிப்பு.
மறுபடி படிக்கிறாள்.
மறுபடி சிரிப்பு.

பன்னிரண்டில் இருப்பது சேவல்.
பதினைந்தில் இருப்பது ரயில்.
நடுவில் ஒரு தாளே இல்லை, மகளே.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள், "குகைன்னா என்னப்பா?"

மலைக்குள்ள போற பொந்து, என்றேன்.
நானும் மலை பார்த்ததில்லை அந்த வயசில்.
உப்புக் குவியலைப் பெரிசாக்கி
அதற்குள் ரயிலை விட்டவன் நான்.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"பாம்பன் பாலத்துல மழை புடிச்சா
ரயில் உள்ள போயி காணாமப் போகுமே,
அது மாதிரியா?"
அது மாதிரிதான்.
என் உப்பைவிட அவள் மழை நல்ல மலை.

அந்தத் தாளைக் கிழித்தவன் தார்சியூஸ்,
என் தம்பி.
கப்பல் செய்து வாய்க்காலில் விட்டான்.
அடிக்கவில்லை நான்.
அடியைவிடக் கொடுமை ஒன்று செய்தேன்:
"கிழிச்சவன் நீ.
இனி அந்தப் பக்கம் நீதான்."
இரண்டு பக்கமும் அவனுக்கு மனப்பாடமாகும்வரை
சாப்பாட்டுத் தட்டைப் பிடித்து வைத்திருந்தேன்.

இப்போது பார்த்தால்
எனக்கே நாலு வரிக்குமேல் வரவில்லை.

சாயங்காலம் பஹ்ரைனுக்குப் போன் போட்டோம்.
படகுத் தட்டில் நின்றான், பின்னால் ஆரஞ்சு வெளிச்சம்.
விஷயத்தைச் சொன்னதும்
தலையைச் சொறிந்தான்.
அப்புறம் நேராக நின்று
கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்,
நாற்பது வயசு ஆள்.

சிக்னல் விட்டு விட்டு வந்தது.
துண்டு கிடைக்காமல் சேவல் ஈரத்தோடு நின்றது,
ஊர் விடியாமல் தூங்கியது,
வாத்தியார் பள்ளிக்குப் பிந்தினார்.
ஒரு கரி எஞ்சின் கிளம்பியது,
படம் நின்றுபோனது,
குரல் மட்டும் வந்தது,
குகை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டது.
ஒரு வரி தவறவில்லை.

நான் வலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிஸ்கா கடைசிவரை கேட்டாள்.
பெரிய மனுஷி போல,
"நல்லாத்தான் இருக்கு சித்தப்பா.
ஆனா இதுல சேவல்
குகைக்குள்ள போகவே இல்லையே?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
சிக்னலா, அவனா தெரியவில்லை.
பிறகு சிரித்தான்,
"அப்ப நான் கிழிச்சது சரிதான்னு
ஒங்கப்பன்ட்ட சொல்லு."

காலையில் புத்தகத்தைப் புரட்டினேன்.
ஓரத்தில் பதினைந்தைப் பென்சிலால் அடித்துப்
பதின்மூன்று என்று எழுதியிருக்கிறாள்.
பதினாறை அப்படியே விட்டுவிட்டாள்.

பாஸ்புக் இன்னும் கிடைக்கவில்லை.