ஒன்பது நொடி

குட்டாய்சியில் எங்கள் கட்டட லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
கருவிப் பெட்டி கையில் இருந்தால் போடுவேன்.
இல்லாத நாளில் படி.
ஏழு மாடியும் ஒத்திகைதான்:
"வணக்கம், நான் எதெரி.
உங்கள் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லையா,
பயப்படாதீர்கள், முதலில் பம்பைப் பாருங்கள்."
ஆளில்லாத படிக்கட்டில்
ஒரு சொல்லும் எனக்குத் திக்குவதில்லை.

வீட்டுக்கு வந்து
ஊறுகாய் ஜாடிமேல் போனைச் சாய்த்து வைப்பேன்.
சிவப்புப் புள்ளி எரியும்.
தண்ணீர் வரும். வடிகட்டி வரும். குழாய்கூட வரும்.
பம்ப் வராது.
இரண்டு உதட்டையும் யாரோ பற்றவைத்ததுபோல்
ப,
ப,
அதற்குமேல் ஓர் எழுத்தும் நகராது.
நிறுத்திப் பார்த்தால்
கொட்டாவிக்கும் தும்மலுக்கும் நடுவில்
மாட்டிக்கொண்ட ஒரு முகம்.
அழித்தேன்.
அப்படி முப்பத்தோரு தடவை.

மற்றவர்களுடையதைப் பார்ப்பேன், தூக்கம் வராமல்.
வெள்ளைச் சமையலறை, வெள்ளைப் பல்.
ஒரு சொட்டு கீழே சிந்தாது.
அவர்கள் துவைக்கப் போடும் துணியிலேயே அழுக்கில்லை.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான்
தங்கை கணவன் ஜும்பர், ஆரஞ்சு உரித்தபடி.
கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒரு சுளை எனக்கும் கொடுத்தான்.
யாருமே பார்க்காவிட்டால் எனக்கென்ன?
யாராவது பார்த்துவிட்டால்?
அதை அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள்,
ரியோனி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பல் டாக்டர் வீட்டு மெஷின்.
நான் பிரித்ததை நானே மாட்ட முடியவில்லை.
எந்த ஒயர் எங்கே?
பிரிக்குமுன் படம் எடுத்துவைப்பது என் வழக்கம்.
ஞாபகத்துக்கு. வேறெதற்கும் இல்லை.
தரையில் உட்கார்ந்து தேடினேன்:
ஆறு வருடம், இருநூற்றுச் சொச்சம் துண்டுகள்,
எல்லாவற்றிலும் ஒரு பெண் குரல்
தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது.
"நீலம் மேலே. கறுப்பு கீழே.
இந்த ஸ்க்ரூ திமிர் பிடித்தது, இரு, உன்னைக் கவனிக்கிறேன்."
பம்ப் வரும்போது அவளும் திக்குகிறாள்.
திக்கிவிட்டு,
பஸ்ஸுக்கு நிற்பவள்போல் சும்மா நிற்கிறாள்.
சொல் வந்ததும் ஏறிப் போய்விடுகிறாள்.

அந்த வீட்டு நாய் வந்து என் கையை நக்கும்வரை
கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்றிரவு அதில் ஒன்றை எடுத்தேன்.
மங்கல் வெளிச்சம், என் முகமே இல்லை,
பாதியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
திக்கும் இடம் ஒன்பது நொடி.
வெட்டத்தான் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்,
கத்தரிக்கோல் படத்தின்மேல் விரல் இருந்தது.
ஆனால் அந்த ஒன்பது நொடியில்தான்
கை மூடியைக் கழற்றுகிறது:
கால் சுற்று, நிறுத்தம்,
கொஞ்சம் ஒழுகவிட்டு மறுபடி கால் சுற்று.
வாயை வெட்டினால் கையும் போய்விடும்.
விட்டுவிட்டேன்.
பதிவேற்றிவிட்டு
போனைப் போர்வைக்குள் கவிழ்த்துவைத்தேன்,
அது என்னைப் பார்க்கக் கூடாதென்று.

நான்கு நாளில் பதினொரு பார்வை.
அதில் ஆறு நான்.
ஐந்தாம் நாள் ஜுக்திதியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.
பெயர் வார்லம். மாவு மில்லில் வேலையாம்.
"சகோதரி, உங்கள் வீடியோவை ஓடவிட்டபடியே செய்தேன்.
'பம்ப்' என்ற இடத்தில் நிறுத்தினீர்களே,
அந்த நேரத்தில் ஓடிப்போய் வாளி எடுத்துவந்தேன்.
இல்லையென்றால் தரையெல்லாம் வெள்ளம்.
யோசித்துத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். நன்றி."

மூன்று முறை படித்தேன்.
லிஃப்டுக்குக் காசு போட்டு
சும்மா ஒரு தடவை கீழே போய் மேலே வந்தேன்.

வாளி.
இத்தனை வருடத்தில்
ஒருதடவைகூட எனக்குத் திக்காத சொல்.
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.