ஐந்து கிராம்

பழுது பார்த்த எஸ்டேட் தராசில்
இருபது கிலோ இரும்பை ஏற்றினேன், அம்பாசமுத்திரத்தில், காலை ஏழு மணிக்கு.
இருபது என்றது, பிசிறில்லாமல்.
முத்திரை ஆய்வாளரின் பெட்டியில்
பொய் சொல்லத் தெரியாதது அந்த இரும்பு ஒன்றுதான்.

மணிமுத்தாறு சோதனைச்சாவடி தாண்டியதும்
ஜீப் முதல் கியரில் முனகியது.
ஏறும் ஒவ்வொரு அடிக்கும் டீசல் தன்னை எரித்து
இரும்புக்கும் பூமிக்கும் நடுவே
ஒரு கடனை ஏற்றிக்கொண்டே போனது.

மாஞ்சோலை எடைக் கொட்டகை. வெளியே சாரல்.
அதே தராசு, அதே இரும்பு.
பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து.

துடைத்தேன்.
மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
கதவைச் சாத்திக் காற்றை நிறுத்தினேன்.
அதே எண்.

கணக்குப்பிள்ளை தேவசகாயத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.
"நான் ஒண்ணும் தொடலை மேடம்."
தொடவில்லைதான்.
பூமியின் நடுவிலிருந்து ஒரு கிலோமீட்டர் விலகி வந்திருக்கிறோம்,
பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.
இரும்பு குறையவில்லை, இழுப்பு குறைந்தது.
தட்டுத் தராசாக இருந்தால் மூச்சு விட்டிருக்காது:
இந்தத் தட்டும் அந்தத் தட்டும்
சேர்ந்தே இலேசாகியிருக்கும்.

கூடையை இறக்கி வைத்த ஞானசுந்தரி
இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள்.
"ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்காவ.
சாக்குக்கு ஒரு கிலோ.
பூமி அஞ்சு கிராம் எடுத்தா எடுத்துட்டுப் போட்டும்."
கொட்டகை சிரித்தது.
தேவசகாயம் சிரிக்கவில்லை.

அந்த மேட்டின் இழுப்புக்கே தராசைத் திருத்தி
ஈயம் வைத்து முத்திரை குத்தினேன்.
படிவத்தில் ஈரத்துக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், முனை ஒடிகிற அளவு அழுத்தி.

இறக்கத்தில் காலைக் கடன் முழுவதும்
பிரேக்கில் தீர்ந்தது. கருகல் வாடை.
சுடலைமணி ஓரம் கட்டினான்.
கீழே அணை. அதற்கப்பால் வயல்களின் மேல்
முழு நிலா ஏறிக்கொண்டிருந்தது.
ஏறிக்கொண்டிருந்தது என்கிறேன்,
விழுந்துகொண்டிருந்தது.

சக்கரம் ஆறும்வரை கணக்குப் போட்டேன்.
என் இருபது கிலோவை அவ்வளவு தூரம் கொண்டுபோய்
பூமி மட்டும் இழுக்க விட்டால்?
ஆரத்தைப் போல் அறுபது மடங்கு தொலைவு,
அறுபதை அறுபதால் பெருக்கி வகுத்தால்
ஐந்து கிராம். சரியாகச் சொன்னால் ஐந்தரை.
மலையில் தொலைந்தது எவ்வளவோ
அங்கே மிஞ்சுவது அவ்வளவு.

அந்த வீதத்தில்தான் நிலாவைப் பிடித்து வைத்திருக்கிறது.
ஒரு நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது,
ஒரு கடுகளவு விழுகிறது.
ஓடாவிட்டால் நம் தலையில்.
விழாவிட்டால் போயே போச்சு.

"கீழ போகப் போகப் பெட்டி கனக்குமா மேடம்?"
"கனக்கும்."
"அதான் இறக்கும்போது இடுப்பு பிடிக்குது" என்றான்,
சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைக்
காலால் தள்ளியபடி.

நாளை கல்லிடைக்குறிச்சி. அப்பளக் கடைகள்.