ஆதாரப் படம்

பதினோரு வருடமாக நான் பார்ப்பது சக்கரங்களை.
மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா,
சீட்டில் நேரம் மிச்சமிருக்கிறதா.
குனிந்தே நடப்பவளுக்கு
திரியெஸ்தே என்பது கணுக்கால் உயரமுள்ள ஊர்.
அதற்கு மேலே உள்ள மாளிகைகளும் கடலும்
சுற்றுலா வந்தவர்களுக்கு.

முதலில் கண்ணில் பட்டவர் ஒரு சுருள்முடிக்காரர்.
சுவர் வெடிப்பில் முளைத்த பாசியைத் தலைமுடியாக்கி
யாரோ கீழே கரியால் முகம் போட்டிருந்தார்கள்.
இரண்டு புள்ளி, ஒரு கோடு, கொஞ்சம் அலட்சியம்.
ஜூனில் வெயில் ஏற ஏற
நெற்றி அகன்றுகொண்டே போனது.
ஜூலையில் முழு வழுக்கை.
அப்புறம் ஒரு மழை, முகமும் இல்லை.
மூன்று படங்கள் எடுத்தேன்.
மூன்றிலும் என் நிழல்.

பிறகு நான் நிறுத்தவில்லை.
பார்க்கிங் இயந்திரத்தின் காசுத் துளைக்கு மேலே இரண்டு கண்கள்:
ஒவ்வொரு நாணயத்தையும் விழுங்கிவிட்டு
முழித்தது அது.
குழாயடி நத்தைக்காக
பென்சிலில் சாய்த்து வைத்த ஏணி.
மறுநாள் நத்தை மேலே இருந்தது.
ஏணி வழியாகத்தான் ஏறியது என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.

"நீவெஸ், முட்டி தேய்ந்தால்
நகராட்சி புதுசு வாங்கித் தராது"
என்பாள் கவுண்டரில் இருக்கும் லோரெதானா.
எனக்குத் தெரிந்த புகைப்படக் கலை இவ்வளவுதான்:
நின்றபடி எடுத்தால் கறை,
மண்டியிட்டு எடுத்தால் எலி.

எலி என்றேனே,
அது நவம்பரில், சான் ஜாக்கோமோ ஏற்றத்தில்.
ஓரக்கல்லில் ஒட்டிய காகிதம், கட்டைவிரல் நகமளவு.
குடை பின்புறமாக மடங்கி
கழுத்துத் துணி கிடைமட்டமாய்ப் பறக்க
நிற்கிறதா போகிறதா தெரியாத எலி.
மறுநாள் போரா வரும் என்று வானொலி சொல்லியிருந்தது.
போரா எங்கள் காற்று.
மலையிலிருந்து இறங்கி
பாதிரியாரையும் ஸ்கூட்டரையும்
ஒரே மாதிரி தள்ளும்.

நான் மண்டியிட்டேன்.
"இரண்டே நிமிடம், சிஞ்ஞோரா!"
தோளில் காப்பிக்கொட்டை மூட்டையோடு
ஓடி வந்தார் ஒருவர்.
பக்கத்துச் சக்கரம் அவருடையது.
"உங்கள் வண்டியை இல்லை" என்றேன்,
"கொஞ்சம் நகருங்கள், வெளிச்சம்."

அவர் குனிந்தார்.
மூட்டையை இறக்கினார். முட்டி போட்டார்.
"போன வாரம் என் குடைக்கும் இதே கதி" என்றார்,
எலியிடம்.
தெருவுக்கு முதுகு காட்டி நாங்கள் இருவர்,
பின்னால் ஹார்ன் அடித்தபடி ஒரு பேருந்து.

எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு,
அபராதச் சீட்டு எழுதினேன்.
பத்தொன்பது நிமிடம் தாண்டியிருந்தது.
"சேர்ந்து பார்த்தோமே!" என்றார்.
"பார்த்தோம்" என்றேன்.
"பெயர்?"
"ஃபுல்வியோ."
விதிப்படி ஓர் ஆதாரப் படம்:
எண் தகடு, சக்கரம், மஞ்சள் கோடு.
இரண்டடி பின்னால் போய் எடுத்தேன்.

போரா மூன்று நாள் அடித்தது.
கல்லில் மிஞ்சியது நான்கு சொட்டுப் பசை.
துறைமுகத் திருப்பத்தில்
என் கைப்பேசியையும் பிடுங்கிக் கடலில் போட்டது.
வழுக்கை, கண்கள், நத்தை,
எல்லாம் தண்ணீருக்குள்.
அழவில்லை. ஆனால் இரண்டு வாரம்
நிமிர்ந்து நடந்தேன்.
பால்கனிகளில் பார்க்க ஒன்றுமில்லை.

டிசம்பரில் ஃபுல்வியோ கவுண்டருக்கு வந்தார்.
பணம் கட்டினார். ஆதாரப் படம் கேட்டார்.
"மேல்முறையீடா?" என்றாள் லோரெதானா.
"இல்லை. பார்க்க.
வண்ணத்தில் வேண்டும்.
இடது மூலை தெரிய வேண்டும்."

அலுவலகக் கணினியில் இருந்தது அது.
ஐந்து வருடம் அழிக்கக் கூடாது, எங்கள் விதி.
கறுப்புச் சக்கரம், மஞ்சள் கோடு,
மூலையில், இன்னும் பறந்துவிடாமல், அவன்.

அச்சு இயந்திரம் ஓரத்தை வெட்டிவிட்டது.
வால் இல்லை.
நூலில் கட்டிய கவுண்டர் பேனாவை
எட்டிய மட்டும் இழுத்து
ஃபுல்வியோ தானே வால் போட்டுக்கொண்டார்,
கொஞ்சம் நீளமாகவே.