மூன்றாம் தட்டு காலி

ஒவ்வொன்றாய் மாற்று என்று
போனில் சொல்லியிருந்தேன்.
கஜீபனின் காதில் விழுந்தது
மாற்று என்பது மட்டும்.

வேலை செய்துகொண்டிருந்த பெட்டியில்
நாலையும் உருவி
நாலு புதுசைச் செருகிவிட்டான்.
அது செம்மஞ்சளாய்ச் சிமிட்டிக்கொண்டிருந்தது
தன் பெயர் தெரியாமல்.

சுன்னாகம். நில அளவையாளர் அமிர்தரூபனின் கந்தோர்.
பின்னேரம் மூன்றேகால்.
என் மழைக்கோட்டில் இருந்து தண்ணீர் சொட்டி
யாரோ ஒருவரின் உறுதிப் பிரதிக்குக் கிட்டவாய்ப் போனது.

இந்தப் பெட்டிக்குச் சொந்த மூளை கொஞ்சம்தான்.
தான் யார், யாருக்குக் கதவு திறப்பது
எல்லாவற்றையும் தட்டுகளிலேயே எழுதி வைக்கும்.
தட்டை உருவினால்
வீட்டுக்காரரோடு வீட்டு இலக்கமும் வெளியே வந்துவிடும்.

பழசு நாலும் மேசையில்,
மாலுபணிஸ் துகள்களுக்குப் பக்கத்தில்.
"எது எந்த அறையில இருந்தது?"
கஜீபன் கூரையைப் பார்த்தான்.
பரவாயில்லை, தங்கள் இலக்கம் அதுகளுக்குத் தெரியும்.

ஒவ்வொன்றுக்காய்க் கரண்ட் கொடுத்துக்
காதை வைத்தேன்.
மூன்று சுழன்றன.
ஒன்று பல்லி மாதிரிச் சொன்னது.
எந்தத் திசையில் சொன்னாலும்
இந்தப் பல்லிக்குப் பலன் ஒன்றுதான்.

"பிள்ளை, பன்னிரண்டு வருசத்துப் பிளான்.
மயிலிட்டி, பலாலி, வசாவிளான்.
விட்ட காணியெல்லாம் நான் நடந்து அளந்தது.
வேலியில்லை, கதியால் இல்லை,
கிணறுதான் சாட்சி. இதுவும் போனா…"

நாலில் ஒன்று செத்தாலும்
மற்ற மூன்றையும் வைத்து
அதில் இருந்ததைக் கணக்கிட்டு எடுக்கலாம் என்றேன்.
அமிர்தரூபன் நிமிர்ந்து இருந்தார்.
"மூண்டு கல்லு நிண்டா நாலாவதை நான் வைப்பன்.
அப்பிடியோ?"
"ஓம், அப்பிடித்தான்."
"அப்ப ஏன் உனக்குக் கை நடுங்குது?"

பழைய மூன்றும் உள்ளே போயும்
பெட்டி எழும்பவில்லை.
அவன் உருவிய அந்தக் கணத்தில்
எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.
ஃபேர்ம்வெயர் பாதியில் அறுந்து கிடந்தது.

பின்பக்கம் ஓர் ஊசித்துளை.
பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்தினேன்.
நாலு செக்கன், ஒரு பீப்.
திரும்ப நாலு செக்கன்,
மூன்று பீப்.

மீள நிறுவவா, என்று கேட்டது திரை.
கீழே பொடி எழுத்தில்:
சில சந்தர்ப்பங்களில் தரவுகள் அழியக்கூடும்.
எந்தச் சந்தர்ப்பங்கள் என்று எழுதாமல் விட்ட ஆள்
எந்த நாட்டில் நிம்மதியாய்த் தூங்குகிறாரோ.

அழுத்தினேன்.

பத்து நிமிடம் என்று இறங்கத் தொடங்கியது.
ஆறரை நிமிடத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தியது, பழைய பற்றரி,
எத்தனை நிமிடம் தாங்கும் என்று
அதற்கே தெரியாது.
ஒருவரும் சொல்லாமலே கஜீபன் எழும்பிப் போய்
பிரின்டரை, றவுட்டரை, கமெராவை
வயர் வயராய்த் தடவிப் பார்த்துப் பிடுங்கினான்.
இந்தமுறை
ஒவ்வொன்றாய்.

இருட்டில் மூன்று முகமும் ஒரு நீல வெளிச்சத்தில்.
மூன்று. இரண்டு.
ஒன்றில் கனநேரம் நின்றது.

பிறகு ஒரு நீண்ட பீப்.
புதிதாய்ப் பிறந்தது போலப் பெயர் கேட்டது.
நேரம் கேட்டது.
நேர வலயப் பட்டியலை மேலும் கீழும் இழுத்தேன்,
எங்கட ஊர் அதில் இல்லை.
தலைநகரைத் தெரிந்து கொடுத்தேன்.
ஐந்தரை மணி எல்லாருக்கும் ஐந்தரை மணிதான்.

கோப்புகள் இருந்தன.
அமிர்தரூபன் முதல் திறந்தது மயிலிட்டி:
மூன்று பரப்பு ஏழு குழி,
வடக்கே ஒழுங்கை, அதற்கு வடக்கே கடல்.
விரலால் எல்லையைச் சுற்றி வந்தார்,
திரையில் அழுக்குக் கோடு விழுந்தது.

காலியாய்க் கிடந்த மூன்றாம் அறைக்குள்
புதுத் தட்டைத் தள்ளினேன்.
பத்தொன்பது மணித்தியாலம் என்றது.

செத்ததை என்ன செய்ய என்று கேட்டேன்.
"எறியாதை.
பழைய கல்லைக் கண்டா நாங்கள் பிடுங்கிறேல்லை."

இரவு பத்தரைக்கு
கோண்டாவிலில் படுக்கையில் இருந்தபடி பார்த்தேன்.
முப்பத்தொரு வீதம்.