ஜிம்மணை

ஹைமந்தி ஷிக்தார்,
ரயில்வே குவார்ட்டர்ஸ், ஏகாம்பரகுப்பம், நகரி வழி.
இந்த விலாசத்தைப் பதினாறு வருடம் படித்தவன் நான்.
அந்தம்மா எழுதியதில் ஒரு வரி படித்ததில்லை.
வங்காள எழுத்து எனக்கு
கம்பியில் காயப்போட்ட நூல் சிட்டம்.

எடை தெரியும்.
கதை என்றால் நாற்பது கிராம்.
கல்கத்தா போய்த் திரும்பி வந்த கதை நாற்பத்திரண்டு,
மறுப்புக் கடிதம் இரண்டு கிராம்.
முதல் நாலு வருடம்
எல்லாமே நாற்பத்திரண்டு.

ஐந்தாம் வருடம் ஒரு மணியார்டர், பதினைந்து ரூபாய்.
மூக்கு மலைக்குச் சளி பிடித்ததாம்,
அது தும்மிவிடுமோ என்று நகரி ஜனங்கள்
கூரைமேல் அம்மிக்கல் ஏற்றி வைத்தார்களாம்,
அந்தக் கதைக்கு.
கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:
"எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மலை பார்த்ததில்லை.
அதனால் மூக்கிலிருந்து ஆரம்பித்தேன்."

என் பெயர் பொன்னுரங்கம்.
பொன்னு என்றால் வங்காளத்தில் விற்பனைச் சரக்காம்.
பார்சல் கவுண்டருக்குப் பொருத்தம்தான் என்று
சரக்கு பாபு ஆக்கிவிட்டார்.

ஷிக்தார் சாருக்குக் கரக்பூருக்கு மாற்றல் வந்தது.
அவர் போனார்.
"தொடர்கதை பாதியில் நிற்கிறது" என்று அந்தம்மா தங்கினார்.
பாதி ஒன்பது வருடம் நீண்டது,
சத்திரவாடா ரோட்டில் ஒரு மாடி அறையில்.

அங்கேதான் மொழிபெயர்ப்பு.
தறிக்காரப் பிள்ளைகளிடம் சொல் வாங்குவார்,
சொல்லுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய்,
முழுக் கதைக்கு மூன்று.
தமிழோ தெலுங்கோ ஒரே விலை.
ஊரிலிருந்த சொல்லெல்லாம் தீர்ந்ததும்
பிள்ளைகள் சொந்தமாகத் தயாரித்தார்கள்,
என் மகன் தசரதன் தலைமையில்.

ஜிம்மணை அவன் உருப்படி.
கரண்ட் போய்
ஊரின் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்ற பிறகும்
காதுக்குள் கொஞ்ச நேரம்
நெய்துகொண்டே இருக்குமே,
அந்தச் சத்தமாம்.

அந்தம்மா லேசில் ஏமாறுகிறவர் இல்லை. விசாரித்தார்.
தமிழ்க்காரர்கள் தெலுங்காயிருக்கும் என்றார்கள்.
தெலுங்குக்காரர்கள் அது அரவம் என்றார்கள்.
கடைசியில் கவுண்டருக்கு வந்தார்.
"சரக்கு பாபு, இந்தச் சொல் உண்டா?"
வரிசையில் ஆறு பேர்.
மிட்டாய் எப்போதோ கரைந்துவிட்டது.
முத்திரை குத்திக்கொண்டே
உண்டு என்றேன்.

புத்தகம் வந்தது. முந்நூற்றுப் பத்து கிராம்.
கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில்
ஒரு சிட்டத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார்:
"இது சொல். பக்கத்தில் இது நீங்கள்.
சாட்சி, நகரி தபால் நிலையம்."
அன்று மத்தியானம்
சோற்றுக்கு உப்புப் போட மறந்தேன்,
மறந்ததும் தெரியவில்லை.

கார்த்திகை மழையில், திருத்தணி ஆஸ்பத்திரியில்.
தம்பி வந்து இரண்டு பெட்டி எடுத்துப் போனார்.
பரிசுப் பட்டயம் அதற்கப்புறம் வந்தது,
குழாயில், மூட்டைக்கடியில் நசுங்கி.
பிறகு ஒரு கார்டு.
பென்சில் எழுத்து, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு.

விதிப்படி எழுத வேண்டும்:
விலாசதாரர் காலமானார், அனுப்பியவருக்குத் திருப்பவும்.
அனுப்பியவர் விலாசம்:
ஷியூலி, மூன்றாம் வகுப்பு.
அவ்வளவுதான்.

லுங்கி கொள்முதலுக்கு வந்த சேட்டு ஒருவருக்கு
வங்காளம் வாசிக்க வந்தது.
"எங்கள் வீட்டில் தறி இல்லை.
கரண்ட் போனால் மின்விசிறியின் ஜிம்மணைதான் கேட்கிறது.
சின்னதாக.
அது செல்லுமா?"

தசரதனிடம் சொன்னேன்.
சொந்தமாக இரண்டு தறி போட்டிருக்கிறான்.
"எந்தச் சொல்லுப்பா?" என்றான்
இரைச்சலுக்கு மேலே.

இரவு பூட்டுமுன் ஒரு கார்டு எடுத்தேன்,
என் காசுதான்.
'செல்லும்' என்று தமிழில் எழுதினேன்.
விலாசப் பக்கத்தில்
ஷியூலி, மூன்றாம் வகுப்பு, கல்கத்தா.
இருபத்தேழு வருட சர்வீஸில்
இப்படி ஒரு விலாசத்தை நான் ஏற்றுக்கொண்டதில்லை.
முத்திரை குத்திப்
பையில் போட்டேன்.